வானில் வெடிக்கும் ஓர் அணுகுண்டு அமெரிக்க மின்கட்டமைப்பை வீழ்த்திவிடுமா?

திசைகாட்டி

அன்பர்களுக்கு வணக்கம். தரையில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல், பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கும் ஒற்றை அணுகுண்டு ஒரு கண்டத்தின் மின்சாரத்தையே நிறுத்திவிடும் என்ற கூற்று, அமெரிக்காவில் கால் நூற்றாண்டாகக் காங்கிரஸ் குழுக்களின் விசாரணை மேசை வரை சென்று வந்துகொண்டிருக்கிறது. இத்தகைய வெடிப்பால் எழும் மின்காந்தத் துடிப்பை (இ.எம்.பி.) ஆராய, அதிபர் ரீகனின் அறிவியல் ஆலோசகராக இருந்த வில்லியம் கிரஹாம் தலைமையில் அமைந்த இ.எம்.பி. ஆணையம் 2004-இலும் 2008-இலும் அளித்த அறிக்கைகள், நாட்டின் மின்கட்டமைப்பு இத்தகைய தாக்குதலுக்குச் சற்றும் தயாராக இல்லை என்றன. மின்துறை ஆய்வு நிறுவனமான எலெக்ட்ரிக் பவர் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் 2019 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வோ, பாதிப்பு சில மாநிலங்களோடு நிற்கும், நாடு முழுவதும் இருளாது என்றது. ஒரே இயற்பியலை வைத்துக்கொண்டு இரு தரப்பினர் இவ்வளவு தொலைவான முடிவுகளுக்கு வருவது எப்படி என்பதுதான் என் கேள்வி.

ஓராண்டுக்குள் அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்துபோவார்கள் என்று காணொளிகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது எங்கிருந்து வந்தது, அளந்து அறியப்பட்டது எது, கணினியில் கணக்கிடப்பட்டது எது, வெறும் ஊகம் எது என்று பிரித்துக் காட்டக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். உலகப் போர் வருமா வராதா என்ற பேச்சை வேறு இழைகளுக்கு விட்டுவிடலாம்.

பூமலர்_இயற்பியல்

அடிப்படையிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனென்றால் "துடிப்பு" என்று ஒருமையில் சொல்வதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். உயரத்தில் நிகழும் அணுவெடிப்பிலிருந்து மூன்று வேறுபட்ட விளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை இ1, இ2, இ3 என்று குறிப்பது வழக்கம்.

வெடிப்பில் வெளிப்படும் காமா கதிர்கள் கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்று மூலக்கூறுகளில் மோதி, எலெக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் ஓடும்போது பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைக்கிறது. எண்ணற்ற எலெக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் ஒரே போக்கில் வளைவதால் மிக வலுவான வானொலி அலை ஒன்று பிறக்கிறது. இதுவே இ1. கான்ராட் லாங்மையர் 1960-களில் இதற்கு விளக்கம் தரும்வரை, 1962-ஆம் ஆண்டுச் சோதனையில் அளவுமானிகளின் முள் ஏன் எல்லையைத் தாண்டி ஓடியது என்பது சரியாகப் புரிந்திருக்கவில்லை. பன்னாட்டுத் தரநிலைகள் இந்த அலையின் உச்சத்தை மீட்டருக்கு 50 கிலோவோல்ட் என்றும், அது எழ எடுக்கும் நேரத்தை 2.5 நானோ விநாடி என்றும் வைத்துக்கொள்கின்றன. மின்னலுக்காகப் பொருத்தப்படும் பாதுகாப்புக் கருவிகளில் பல, இவ்வளவு விரைவாக எழும் அலைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

இ2 ஏறக்குறைய மின்னலை ஒத்தது. மின்னலைத் தாங்கும் கட்டமைப்பு அதையும் பெரும்பாலும் தாங்கிவிடும் என்பதால் அதைத் தாண்டிப் போகிறேன். இ3 முற்றிலும் வேறு வகை. வெடிப்பின் அனல் பிழம்பு பூமியின் காந்தப்புலத்தைத் தள்ளி நெளிய வைப்பதால் உண்டாகி, பல விநாடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை மெல்ல அலைவது அது. சூரியப் புயலின்போது ஏற்படுவதும் இதே வகையைச் சேர்ந்த விளைவுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 400 கிலோமீட்டர் உயரத்தில் நிகழும் வெடிப்பு, பூமியின் வளைவு மறைக்காத எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவு வரை "பார்க்கும்". நிலப்படத்தில் அமெரிக்கா முழுவதையும் மூடும் வட்டம் இப்படித்தான் வரையப்படுகிறது. ஆனால் அந்த வட்டத்துக்குள் எல்லா இடத்திலும் உச்ச அளவு இருப்பதில்லை. வடகோளத்தில் வெடிப்புக்கு நேர்கீழே உள்ள இடத்துக்குத் தெற்கே ஒரு பிறை வடிவப் பகுதியில்தான் உச்சம் விழும், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லப் புலம் வெகுவாகக் குறையும். காணொளிகளில் வட்டம் மட்டும் காட்டப்படுகிறது, பிறை காட்டப்படுவதில்லை.

ஐயவாதி

பூமலர் ஆசிரியை அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் என்ற எண்ணுக்கு நான் பதில் சொல்கிறேன். 2008-இல் காங்கிரஸ் குழு ஒன்றின் விசாரணையில் உறுப்பினர் ராஸ்கோ பார்ட்லெட், அப்போது வெளிவரவிருந்த ஒரு நாவலைச் சுட்டி அதில் வரும் இறப்பு விகிதத்தைப் பற்றிக் கேட்டார்; அந்த அளவு பொருத்தமானதாகவே இருக்கலாம் என்னும் பொருளில் கிரஹாம் விடை சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் எந்தக் கணக்கும் கிடையாது. மின்சாரம் இல்லாமல் போகும் காலத்தின் நீளம், உணவுக் கையிருப்பு, குடிநீர் ஏற்றம் என்று எதையும் படிப்படியாகக் கணக்கிட்டு வந்த எண் அல்ல அது.

அளந்து அறியப்பட்டதற்கு வருகிறேன். 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் எனப்படும் அந்தச் சோதனையின்போது 1,400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஹவாயில் ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்தன, திருட்டு எச்சரிக்கை மணிகள் சில ஒலித்தன, தொலைபேசி நுண்ணலைத் தொடர்பு ஒன்று பழுதானது. ஹோனலுலு நகரின் மின்சாரம் நிற்கவில்லை. உலகின் முடிவுக்கு இது சற்றுக் குறைவான சான்று என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பகைநாட்டிடம் ஏவுகணையும் அணுகுண்டும் இருந்தால், அதை வானில் வெடித்துப் பயனை உறுதியாகக் கணிக்க முடியாத ஒரு செயலுக்கு ஏன் செலவிட வேண்டும்? பதிலடி எப்படியும் அணுகுண்டாகவே வரும். மின்கட்டமைப்பைத் தாக்க வேண்டுமென்றால் அதைவிட மலிவான வழிகள் உண்டு. 2013 ஏப்ரல் 16 அன்று கலிஃபோர்னியாவில் சான் ஹோசே அருகே மெட்கால்ஃப் துணை மின்நிலையத்தில் துப்பாக்கியால் சுட்டே 17 மின்மாற்றிகளைப் பழுதாக்கினார்கள். 2022 டிசம்பரில் வட கரோலினாவின் மூர் மாவட்டத்திலும் துணை மின்நிலையங்கள் சுடப்பட்டு, 45,000 வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள்.

மின்கோபுரன்

உயர் மின்னழுத்தத் தொடரமைப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். ஐயவாதி அவர்கள் ஹவாயை மட்டும் காட்டி நிறுத்திவிட்டது சரியல்ல. ஹவாய் நல்ல சோதனைக்களம் அன்று. அங்கே நீண்ட மின்தடங்கள் இல்லை, காந்தப்புலமும் அமெரிக்க நிலப்பரப்பின் மேல் உள்ளதைவிட வலுக்குறைவானது, வெடிப்பும் மிகத் தொலைவில் நிகழ்ந்தது. ஹோனலுலுவில் இ1 மீட்டருக்கு 5.6 கிலோவோல்ட் அளவில் இருந்ததாகவே பின்னர் கணக்கிடப்பட்டிருக்கிறது. தரநிலை சொல்லும் உச்சத்தில் அது ஒன்பதில் ஒரு பங்குதான்.

பார்க்க வேண்டிய இடம் கஜகஸ்தான். அதே 1962-இல், அக்டோபர் 22 அன்று, சோவியத் ஒன்றியம் தன் சொந்த மக்கள் வாழும் நிலத்தின் மேலேயே 290 கிலோமீட்டர் உயரத்தில் 300 கிலோடன் குண்டை வெடித்தது. கியூபா நெருக்கடி உச்சத்தில் இருந்த வாரம் அது என்பதை எண்ணினால் இன்றும் நடுக்கமாக இருக்கிறது. அங்கே 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசித் தடத்தில் ஃபியூஸ்கள் எல்லாம் எரிந்துபோயின. அக்மோலாவையும் அல்மாட்டியையும் இணைத்த, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடி மின்கேபிள் செயலிழந்தது. மண்ணுக்கடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் கிடந்த கேபிளுக்குள் இ1 இறங்கி அவ்வளவு சேதம் செய்ய முடியாது. அதைச் செய்தது இ3. குண்டு ஸ்டார்ஃபிஷ் குண்டைவிடப் பலமடங்கு சிறியது, சேதமோ பெரியது. காரணம் தடத்தின் நீளம்.

நீளம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இ3 நிலத்தின் மீது கிலோமீட்டருக்கு இத்தனை வோல்ட் என்ற கணக்கில் ஒரு மின்புலத்தை எழுப்புகிறது. எண் சிறியதாகத் தெரியும். ஆனால் 300 கிலோமீட்டர் தடத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். அந்த மின்னழுத்தம், தடத்தின் இரு முனைகளிலும் உள்ள மின்மாற்றிகளின் எர்த் செய்யப்பட்ட நியூட்ரல் (நடுமுனை) வழியாக, ஏறக்குறைய நேர்மின்னோட்டம் போன்ற ஒரு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. மாறுமின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்ட மின்மாற்றியின் இரும்புக் கோர், ஒரு திசையில் மட்டும் காந்தமேறி, ஒவ்வொரு சுற்றின் ஒரு பாதியில், அதற்குமேல் காந்தமேற முடியாத செறிவுநிலையைத் தொடுகிறது. அப்போது மூன்று தொல்லைகள் ஒன்றாகப் புறப்படும்: கோருக்குள் அடங்காத காந்தப்பாயம் வெளியே கசிந்து தொட்டியையும் சுருள்களையும் சூடேற்றும், அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளான ஹார்மோனிக்ஸ் பெருகி, பழுதைக் கண்டு தடத்தைத் துண்டிக்கும் ரிலேக்களைக் குழப்பும், மின்மாற்றி தன்னிடம் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் ரியாக்டிவ் மின்திறனை விழுங்கத் தொடங்கும். மூன்றாவதுதான் முதலில் கொல்லும். மின்னழுத்தம் சரிந்து கட்டமைப்பு விழுவதற்குள் எந்த மின்மாற்றியும் எரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

மொன்றியல்_தேவா

மின்கோபுரன் ஐயா சொல்வதற்கு எங்கள் மாகாணமே சான்று. 1989 மார்ச் 13 அதிகாலை 2.44 மணிக்குக் கியூபெக் மின்கட்டமைப்பு முழுவதும் விழுந்தது. நான் அப்போது புதிதாக வந்திருந்த அகதி. குளிர்காலத்து மின்தடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம், சூரியனைக் குற்றஞ்சாட்ட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அறுபது இலட்சம் மக்களுக்கு ஒன்பது மணி நேரமாக மின்சாரம் இல்லை.

பின்னாளில் படித்து அறிந்ததைச் சொல்கிறேன். வடக்கே லா கிராண்ட் ஆற்றின் நீர்மின் நிலையங்களிலிருந்து 735 கிலோவோல்ட் தடங்கள் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடித் தெற்கே வருகின்றன. அந்தத் தடங்களின் மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடித்த ஏழு நிலையான ஈடுசெய் கருவிகள், ஹார்மோனிக்ஸைக் கண்டு தம்மைக் காத்துக்கொள்வதற்காக ஒரு நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆயின. அவை போனதும் தடங்கள் போயின. சூரியப் புயல் தாக்கி முழு வீழ்ச்சி வரை ஏறத்தாழ 90 விநாடிகள். எந்தப் பொறியாளரும் தொலைபேசியை எடுப்பதற்குக்கூட அந்த நேரம் போதாது. கியூபெக் நிலம் பழைய கருங்கல் படுகை என்பதால் மின்னோட்டம் நிலத்துக்குள் எளிதில் ஓட முடியாமல் தடங்களை நாடிக்கொண்டது என்பதும் ஒரு காரணம்.

இரண்டு செய்திகளை இழையின் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கலாம். முதலாவது, கியூபெக் கட்டமைப்பு அண்டை மாகாணங்களோடும் நியூயார்க்கோடும் ஒரே அதிர்வெண்ணில் பிணைக்கப்பட்டதல்ல. ஆகவே எங்கள் வீழ்ச்சி அவர்களை இழுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டாவது, அதே புயலில் தெற்கே நியூ ஜெர்சியில் சேலம் அணுமின் நிலையத்தின் பெரிய மின்மாற்றி ஒன்று வெப்பத்தால் பழுதாகி மாற்றப்பட்டது. அங்கே மின்சாரம் நிற்கவில்லை, மின்மாற்றி போயிற்று. இங்கே மின்சாரம் நின்றது, மின்மாற்றிகள் பெரும்பாலும் பிழைத்தன. விழுந்துவிட்ட கட்டமைப்பு ஒருவகையில் தன் கருவிகளைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அதன்பிறகு இங்கே நீண்ட தடங்களில் தொடர் மின்தேக்கிகளைப் பொருத்தினார்கள். நேர்மின்னோட்டம் மின்தேக்கியைத் தாண்டாது என்பதால் இந்தத் தொல்லைக்கும் அது நல்ல தடுப்பாக அமைந்தது.

சட்டநோக்கன்

வர்ஜீனியாவிலிருந்து எழுதுகிறேன். திசைகாட்டி அவர்களின் மையக் கேள்வியான "ஒரே இயற்பியல், இரண்டு முடிவுகள்" என்பதற்கு, எந்த எண்ணைக் கணினிக்குக் கொடுத்தார்கள் என்பதில் பெரும்பாலான விடை இருக்கிறது. சூரியப் புயலுக்காக வட அமெரிக்க மின் நம்பகத்தன்மைக் கழகமான நெர்க் வகுத்த அளவுகோல், நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலைக் கொண்டு கிலோமீட்டருக்கு 8 வோல்ட் என்று வைத்தது. புவிக்காந்த அகலாங்கையும் மண்ணின் தன்மையையும் பொறுத்து அது ஒவ்வோர் இடத்திலும் குறைத்துக்கொள்ளப்படும். இ.எம்.பி. ஆணையமோ, சோவியத் சோதனை அளவீடுகளை அமெரிக்க அகலாங்குக்கு ஏற்ப விரித்து, இ3-க்கு கிலோமீட்டருக்கு 85 வோல்ட் வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தன் இறுதிக் கட்டத்தில் பரிந்துரைத்தது. மின்துறை ஆய்வு நிறுவனம் இதைவிடக் குறைந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டது. இவ்வளவு வேறுபடும் எண்களிலிருந்து ஒரே முடிவு வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மின்துறை ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் தருவோர் மின் நிறுவனங்கள் என்பதை ஆணையத்தின் தரப்பினர் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்கள். ஆணையத்தின் தரப்பினரோ ஆபத்தை உரக்கச் சொல்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்கள் என்று மறுதரப்பினர் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை, இரண்டும் வாதம் அல்ல. என் வாசிப்பில் 2019 அறிக்கையைப் பத்திரிகைகள் "அச்சம் வேண்டாம்" என்று சுருக்கியது நேர்மையற்றது; இ1-உம் இ3-உம் சேர்ந்து வந்தால் பல மாநிலங்களைத் தழுவிய மின்னழுத்த வீழ்ச்சி ஏற்படலாம் என்று அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவில் "பல மாநிலங்கள்" என்றால் பல கோடி மக்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்று வடகிழக்கில் ஏற்பட்ட மின்தடையே ஐந்து கோடிப் பேரைத் தொட்டது. அப்போது ஒஹாயோவில் மரக்கிளைகளில் உரசிய தடங்களும், ஒரு கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை எழுப்பாமல் போன மென்பொருளும் போதுமானவையாக இருந்தன.

யார் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கும் இங்கே தெளிவான விடை இல்லை. 2019 மார்ச் 26 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த 13865-ஆம் ஆணை பல துறைகளுக்குப் பொறுப்பைப் பகிர்ந்தளித்தது. கட்டாயத் தரநிலையோ சூரியப் புயலுக்கு மட்டுமே இருக்கிறது, அணுத்துடிப்புக்கு இல்லை. மின் நிறுவனங்கள், போர்ச்செயலிலிருந்து காப்பது அரசின் கடமை, அதன் செலவை மின்கட்டணத்தில் ஏற்ற முடியாது என்கின்றன. கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில ஆணையங்களும் அப்படியே நினைக்கின்றன. கூட்டாட்சி அரசு, கட்டமைப்பு தனியார் சொத்து என்கிறது. தலையணையை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடும் பிள்ளைகள்கூட இவ்வளவு நேரம் சளைக்காமல் எறிய மாட்டார்கள்.

ஐயவாதி

> "குண்டு ஸ்டார்ஃபிஷ் குண்டைவிடப் பலமடங்கு சிறியது, சேதமோ பெரியது."

மின்கோபுரன் ஐயாவின் கஜகஸ்தான் சான்றை ஏற்கிறேன். ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவை தொலைபேசித் தடமும் கேபிளும். 735 கிலோவோல்ட் மின்மாற்றிகள் வரிசையாக எரிந்ததாக எந்தப் பதிவும் இல்லை. "நாடெங்கும் மின்மாற்றிகள் உருகி, மாற்றுவதற்குப் பல ஆண்டுகள்" என்ற கதைக்கு இன்னும் கணக்கீடு மட்டுமே துணை.

மேலும் சிறிய அணுசக்தி நாட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். 2017 செப்டம்பரில் வட கொரியா தன் புதிய குண்டை உயரத்தில் வெடித்து மின்காந்தத் தாக்குதலுக்கும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது உண்மைதான். ஆனால் சிறிய குண்டால் இ3 பெரிதாக வராது அல்லவா?

பூமலர்_இயற்பியல்

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இ3 குண்டின் ஆற்றலோடு வளரும்; ஆகவே பத்து இருபது கிலோடன் குண்டு மின்மாற்றிகளுக்குப் பெரிய தொல்லை தராது. இ1 அப்படியல்ல. குண்டு பெரிதாகப் பெரிதாக, காமா கதிர்களால் மின்கடத்தும் தன்மை பெற்றுவிடும் காற்றே தன்னில் பிறந்த அலையை விழுங்கத் தொடங்குகிறது. ஓர் எல்லைக்கு மேல் இ1 வளர்வதில்லை. அதனால் சிறிய குண்டின் இ1-க்கும் மெகாடன் குண்டின் இ1-க்கும் உள்ள இடைவெளி, குண்டுகளின் அளவில் உள்ள இடைவெளியைப் போன்றதன்று. வட கொரியாவின் 2017 சோதனை நூறு கிலோடனைத் தாண்டியது என்ற மதிப்பீடுகளையும் நினைவில் வையுங்கள். சோவியத் குண்டு முந்நூறு.

எனவே சிறிய எதிரியை நினைப்பவர் மின்மாற்றியைவிட ரிலேயைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து.

மின்கோபுரன்

ஆசிரியை கடைசியில் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். நான் பணியில் சேர்ந்தபோது துணை மின்நிலையக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவை இரும்பும் செப்புச் சுருளும் கொண்ட மின்இயக்க ரிலேக்கள். இ1 அவற்றை எளிதில் ஒன்றும் செய்யாது. இன்று உலகெங்கும் இருப்பவை நுண்செயலி ரிலேக்கள். யார்டிலுள்ள மின்னோட்ட மாற்றிகளிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு வரும் நூறு இருநூறு மீட்டர் செப்புக் கேபிள்களின் முனையில் உட்கார்ந்திருப்பவை. அந்தக் கேபிள்கள் இ1-க்கு நல்ல ஆன்டெனா. ரிலே எரிந்துவிட்டால் தடம் காவலின்றி நிற்கும். அல்லது தவறாகத் தட்டிவிட்டால் நலமாக உள்ள தடம் கழன்றுபோகும். இதற்கான மருந்து அரிய பொருள் அன்று: உறையிட்ட கேபிள், முனைகளில் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தணிக்கும் தாழ்மின்னழுத்த சர்ஜ் அரெஸ்டர், ஒழுங்கான எர்த்திங், இயன்ற இடமெல்லாம் செப்புக்குப் பதில் ஃபைபர், புதிதாகக் கட்டும் கட்டுப்பாட்டு அறைக்கு உலோகக் கவசம். புதிய நிலையத்தில் இவற்றைச் சேர்ப்பது சிறு செலவு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிலையத்தைப் பிரித்துச் செய்வதுதான் பெருஞ்செலவு. ஆகவே எல்லா நிலையத்தையும் நாளையே மாற்றுங்கள் என்று கேட்பவரும் எதுவும் வேண்டாம் என்பவரும் ஒரே விளைவைத்தான் தருகிறார்கள்.

மின்மாற்றிக்கு வருகிறேன். ஐயவாதி அவர்கள் கேட்கும் சான்றை யாராலும் தர முடியாது, 1963-இல் கையெழுத்தான சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பின் வளிமண்டலத்திலோ விண்வெளியிலோ அத்தகைய சோதனை நடக்கவும் கூடாது. எத்தனை எரியும் என்பதைவிட, எரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்க்கிறேன். பெரிய மின்மாற்றி 100 முதல் 400 டன் எடை கொண்டது. கடையில் அடுக்கி வைத்து விற்கும் பொருளல்ல, ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கென்று வடிவமைக்கப்படுவது. அமெரிக்கா தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. கோருக்கு வேண்டிய சிறப்பு எஃகை அங்கே ஒரே ஒரு நிறுவனம்தான் உற்பத்தி செய்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ ஓராண்டில் கிடைத்த மின்மாற்றிக்கு இன்று, எந்தப் போரும் எந்தப் புயலும் இல்லாத நாளிலேயே, இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். தொகையில் இருபது எரிந்தாலும் இந்த வரிசையின் பின்னால்தான் போய் நிற்க வேண்டும்.

செய்ய முடியாதது என்றும் இல்லை. 2012 மார்ச்சில் மூன்று ஒற்றைக்கட்ட மின்மாற்றிகளைச் செயின்ட் லூயிசிலிருந்து ஹூஸ்டனுக்குச் சாலை வழியே கொண்டுவந்து, ஒரு வாரத்துக்குள் 345 கிலோவோல்ட்டில் இணைத்துக் காட்டினார்கள். எடை குறைந்த, பல இடங்களுக்குப் பொருந்தக்கூடிய அத்தகைய உதிரிகளைக் கையிருப்பில் வைப்பது மெட்கால்ஃபுக்கும் உதவும், சூறாவளிக்கும் உதவும், சூரியனுக்கும் உதவும், அணுகுண்டுக்கும் உதவும். நான் பணம் ஒதுக்கும் இடத்தில் இருந்தால் முதல் ரூபாயை அங்கேதான் வைப்பேன்.

இளம்பொறியாளர்_நெல்லை

இடைமறிப்பதற்கு மன்னிக்க வேண்டும் ஐயா. காந்த நடுக்கோடு எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தானே செல்கிறது, எனவே நமக்கு இ3 தொல்லை குறைவு என்று கொள்ளலாமா? 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே தென்னகத் தொகுப்பும் வடக்கோடு ஒரே அதிர்வெண்ணில் பிணைக்கப்பட்டுவிட்டதே என்பதால் கேட்கிறேன்.

மின்கோபுரன்

தம்பி, சூரியப் புயலில் உயர் அகலாங்குகளைவிட நமக்குக் குறைவு என்பது சரி. இல்லவே இல்லை என்பது தவறு. 2003 அக்டோபர் இறுதியில் வீசிய புயலுக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் பல மின்மாற்றிகள் உட்புறச் சிதைவுக்கு ஆளாயின. அது துருவ நாடு அன்று. 1859 பெரும்புயலை மும்பை கொலாபா ஆய்வகம் பதிவு செய்திருப்பதே போதிய எச்சரிக்கை. பிணைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது கூர்மையானது. 2012 ஜூலை இறுதியில் வடக்கும் கிழக்கும் விழுந்தபோது தென்னகம் தப்பியதற்கு, நேர்மின்னோட்ட இணைப்பு மட்டுமே இருந்தது காரணம். மொன்றியல் தேவா சொன்ன கியூபெக் கதையின் மறுபக்கம் இது. ஆனால் பிணைக்கப்பட்ட தொகுப்பு அன்றாடம் தரும் உதவியையும் மறந்துவிடக் கூடாது. விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். நெறியாளர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நெறியாளர்

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அமெரிக்கக் கட்டமைப்புக்குத் திரும்புங்கள்.

ஐயவாதி

திரும்புகிறேன். சூரியனுக்குச் செய்யும் ஏற்பாடே குண்டுக்கும் போதும் என்ற எண்ணம் இங்கே மெல்ல உருவாகிவருகிறது. அதையும் நான் ஐயுறுகிறேன், இம்முறை எதிர்ப்பக்கத்திலிருந்து. சூரியன் அறிவித்துவிட்டு வருகிறது. வெடிப்பு தெரிந்தபின் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்கள், பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் அப்பால் நிற்கும் செயற்கைக்கோளைக் கடந்தபின் கால் மணி முதல் ஒரு மணி நேரம். 2024 மே மாதப் புயலின்போது அமெரிக்கக் கட்டுப்பாட்டு அறைகள் முன்கூட்டியே தடங்களின் சுமையைக் குறைத்து, மின்னுற்பத்திக் கையிருப்பைக் கூட்டி, பெரிய மின்தடை ஏதுமின்றிக் கடந்தன. குண்டு அப்படி வராது. அதில் இ3 வருவதற்குள் இ1 வந்துபோயிருக்கும். அதாவது ரிலேக்களும் தொடர்புக் கருவிகளும் ஏற்கெனவே தடுமாறியிருக்கும் கட்டமைப்பின்மீதுதான் மின்னழுத்த வீழ்ச்சி விழும். கியூபெக்கில் ஒன்பது மணி நேரத்தில் மீண்டார்கள் என்றால், அங்கே ரிலேயும் தொலைபேசியும் நலமாக இருந்தன.

சட்டநோக்கன்

இதில் ஐயவாதி அவர்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆணையத்தின் அறிக்கைகளில் வலுவான பகுதியும் இதுதான். முழு மின்வீழ்ச்சியிலிருந்து மீட்டெடுக்கும் திட்டம் ஒவ்வொரு மின்தொகுப்பு இயக்குநரிடமும் ஏட்டில் இருக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் பெறாமலேயே தொடங்கக்கூடிய சில நிலையங்கள், அவற்றிலிருந்து சிறு தீவுகள், அத்தீவுகளை அதிர்வெண் பார்த்து இணைப்பது என்று அது விரியும். 2021 பிப்ரவரி 15 அன்று டெக்சாஸ் கட்டமைப்பு முழு வீழ்ச்சியிலிருந்து 4 நிமிடம் 37 விநாடி தொலைவில் நின்றது. விழுந்திருந்தால் அந்த ஏட்டுத் திட்டத்தை உறைபனியில் இயக்கிப் பார்த்திருப்பார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் உண்மையிலேயே விழுந்து, ஒரு நாளுக்குள் மீண்டன. அண்டையில் பிரான்சும் மொராக்கோவும் மின்சாரத்தோடு நின்றது அதற்குப் பெருந்துணை. துடிப்பு விழும் நிலப்பரப்பில் அப்படி அண்டையார் ஒருவர் நலமாக இருப்பார் என்று கணக்கில் எடுக்க முடியாது.

திசைகாட்டி

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. மின்மாற்றியின் நியூட்ரலில் மின்தேக்கியைப் பொருத்தி அந்த மின்னோட்டத்தையே தடுத்துவிடலாம் என்கிறார்கள். விஸ்கான்சினில் ஒரு துணை மின்நிலையத்தில் 2015-லேயே பொருத்தியும் இருக்கிறார்கள். அப்படியிருக்க ஏன் எல்லா இடத்திலும் பொருத்தவில்லை?

மின்கோபுரன்

ஓரிடத்தில் தடுத்தால் மின்னோட்டம் அடுத்த நிலையத்தின் நியூட்ரலைத் தேடிப் போகும் என்பது முதல் காரணம்; ஆகவே எங்கெங்கே பொருத்துவது என்பதைத் தொகுப்பு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தொகுப்போ நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குச் சொந்தம். தன் மின்மாற்றியைக் காத்துக்கொண்டு பக்கத்து நிறுவனத்தின் மின்மாற்றிக்குச் சுமையைத் தள்ளிவிட்டவர் மீது வழக்கு வராதா என்று அவர்களின் வழக்கறிஞர்கள் கேட்பார்கள், கேட்பதில் பொருளும் உண்டு. இரண்டாவது, நியூட்ரல் என்பது தரைப்பிழை ஏற்படும் நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓட வேண்டிய வழி. அங்கே நிரந்தரமாக ஒரு மின்தேக்கியை நிறுத்த முடியாது. வழக்கமான நாளில் நேரடியாக எர்த்தில் இருந்து, நேர்மின்னோட்டம் தெரிந்தவுடன் மின்தேக்கிக்கு மாறி, அதற்கிடையே தரைப்பிழை வந்தால் மின்தேக்கியைக் கடந்து செல்லவிடும் ஒரு கருவி வேண்டும். விஸ்கான்சினில் வைத்தது அத்தகையதே. அந்தக் கருவியின் உணரியும் கட்டுப்பாட்டு அட்டையும் மின்னணுப் பாகங்கள் என்பதால், இ3-இலிருந்து மின்மாற்றியைக் காக்கும் கருவியை முதலில் இ1-இலிருந்து காத்தாக வேண்டும். வாங்கப் போகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: இ1 சோதனை அறிக்கை எங்கே, எந்தக் கேபிள் நீளத்தோடு சோதித்தீர்கள்?